சீட்டு தீர்ந்தா சீட் இல்ல: கோர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷனின் 150 வருஷக் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி, படிக்க வசதியாகத் திருத்தியது.)

தட்கல் டிக்கெட் எடுக்கிற பதற்றம் நம்ம எல்லாருக்கும் பழக்கம். பத்து மணி ஆகுறதுக்கு முன்னாடியே லாகின் பண்ணி, பேரு வயசு எல்லாம் டைப் பண்ணி வச்சுட்டு, செகண்ட் முள்ளையே பார்த்துட்டு இருப்போம். அமெரிக்கக் காலேஜ்கள்ல படிக்கிறவங்களுக்கு இதே பதற்றம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் வரும். அவங்க போட்டி போடுறது அடுத்த டெர்ம்ல எந்தெந்தப் பாடம் படிக்கலாம்ங்கிறதுக்கு. ஃபீஸ் கட்டியாச்சு, அட்மிஷன் வாங்கியாச்சு, ஆனா வகுப்புல இடம் கிடைக்குமான்னு தெரியாது.

இதைக் கேட்டா சின்ன நிர்வாகப் பிரச்சனை மாதிரிதான் இருக்கும். "சர்வரைப் பெருசாக்கினா சரியாயிடும்"னு என் ஆபீஸ்ல யாராவது சொல்லுவாங்க. ஆனா இதுக்குள்ள ஒரு பழைய கேள்வி இருக்கு. நாற்பது இடம், நூறு பேர் கேக்குறாங்க, எல்லாருக்கும் ஒரே உரிமை, காசு குடுத்து வாங்கவும் முடியாது. யாருக்குக் குடுப்பீங்க? ஒவ்வொரு காலத்துலயும் கையில இருந்த டெக்னாலஜியை வச்சு இதுக்கு ஒரு பதில் சொல்லியிருக்காங்க. அந்தப் பதில்களோட வரலாறுதான் இன்னைக்கு எபிசோட்.

தேர்வே இல்லாத காலம்

19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில அமெரிக்கக் காலேஜ்கள் பலதுல ரெஜிஸ்ட்ரேஷன்ங்கிற பேச்சுக்கே இடம் இல்ல. லத்தீன், கிரேக்கம், கணிதம், கொஞ்சம் தத்துவம். முதல் வருஷம் சேர்ந்த எல்லாரும் ஒரே அறையில ஒரே பாடத்தைப் படிச்சாங்க. 1825-ல மாணவர்களைச் சேர்க்க ஆரம்பிச்ச விர்ஜீனியா பல்கலைக்கழகத்துல தாமஸ் ஜெஃபர்சன் கொஞ்சம் வித்தியாசமா யோசிச்சார். எந்தத் துறை வகுப்புக்குப் போகணும்னு மாணவரே முடிவு பண்ணலாம்னு வச்சார். இந்த மாதிரி யோசனைகள் பரவ ஆரம்பிச்சப்ப, 1828-ல யேல் காலேஜ் ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. மனசைப் பயிற்சி பண்ணுறதுக்குப் பழைய செவ்வியல் பாடங்கள்தான் சரி, எல்லாரும் அதைத்தான் படிக்கணும்ங்கிறது அதோட சாரம். பல காலேஜ்கள் ரொம்ப நாளைக்கு அந்தப் பக்கம்தான் நின்னுச்சு.

இதைப் பெரிய அளவுல உடைச்சவர் சார்ல்ஸ் எலியட். வேதியியல் ஆசிரியர். 1869-ல, 35 வயசுல ஹார்வர்டு தலைவரானார். 1909 வரைக்கும், 40 வருஷம் அந்த நாற்காலியில இருந்தார். கட்டாயப் பாடங்களை ஒவ்வொண்ணா எடுத்துட்டே வந்தார். நூற்றாண்டு முடியுறப்ப ஹார்வர்டுல முதல் வருஷ ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியைத் தவிரக் கட்டாயம்னு சொல்ல பெருசா எதுவும் இல்ல. மத்ததெல்லாம் மாணவர் விருப்பம்.

இங்க ஒரு எஞ்சினியரா எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. எல்லாரும் ஒரே பாடம் படிச்சா உங்களுக்கு ஒரே ஒரு லிஸ்ட் போதும். "ரெண்டாம் வருஷம்"னு ஒரு வார்த்தை சொன்னா அந்த மாணவர் எங்க உக்காந்திருப்பார்னு தெரியும். தேர்வு குடுத்த அடுத்த நிமிஷமே அது போச்சு. யார் எந்தப் பாடம், எந்தப் பாடம் எந்த நேரம், எந்த அறையில எத்தனை பேர், ஒருத்தரோட ரெண்டு பாடம் ஒரே மணிக்கு மோதுதான்னு எல்லாத்தையும் குறிச்சு வைக்கணும். டேட்டாபேஸ் பாஷையில சொன்னா, ஒரே ஒரு காலமா இருந்தது மெனி டு மெனி டேபிளா மாறிடுச்சு. இப்படிச் சுதந்திரம் உள்ள வந்தப்ப, கணக்கு எழுதுற வேலையும் அதோடயே வந்துடுச்சு.

எலியட்டுக்கு அடுத்து வந்த லாரன்ஸ் லோவெல் இந்தச் சுதந்திரத்துக்குக் கடிவாளம் போட்டார். நிறைய பேர் சுலபமான பாடங்களாப் பொறுக்குறாங்க, எதையும் ஆழமா படிக்கலைங்கிறது அப்போ இருந்த குற்றச்சாட்டு. அதனால ஒரு துறையில ஆழமா கொஞ்சம், மத்த துறைகள்ல பரவலா கொஞ்சம்னு விதி வந்துச்சு. இன்னைக்கு நாம மேஜர், எலக்டிவ்னு சொல்றோமே, அதோட அச்சு அங்கதான் உருவாச்சு.

பென்ஷனால வந்த கிரெடிட்

சரி, ஆளுக்கொரு பாடம் எடுக்குறாங்க. அப்போ ரெண்டு பேரும் சமமா படிச்சிருக்காங்கன்னு எப்படிச் சொல்றது? ஒரு பொது அளவு வேணும். அது வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது.

1905-ல தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி, பேராசிரியர்களோட ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் ஒதுக்கினார். நல்ல மனசுதான். ஆனா யாருக்குக் குடுக்கிறது? அப்போ "காலேஜ்"னு போர்டு மாட்டின பல இடங்கள் உயர்நிலைப் பள்ளி தரத்துலதான் இருந்துச்சு. அதனால கார்னெகி அறக்கட்டளை ஒரு நிபந்தனை வச்சுச்சு. உங்க காலேஜ்ல சேர்ற மாணவர் உயர்நிலைப் பள்ளியில 14 யூனிட் முடிச்சிருக்கணும். ஒரு யூனிட்னா ஒரு பாடத்துல ஏறத்தாழ 120 மணி நேர வகுப்பு. பென்ஷன் வேணும்னா இந்தக் கணக்குக்கு வாங்க. வந்தாங்க.

1910-ல மோரிஸ் குக்னு ஒரு எஞ்சினியர் அதே அறக்கட்டளைக்காகப் பல்கலைக்கழகங்களை ஆய்வு செஞ்சு அறிக்கை குடுத்தார். தொழிற்சாலை வேலையை ஸ்டாப்வாட்ச் வச்சு அளந்த ஃபிரெடெரிக் டெய்லரோட சீடர் இவர். ஒரு மாணவர் ஒரு மணி நேரம் வகுப்புலயோ ஆய்வகத்துலயோ இருந்தா அது ஒரு "மாணவர் மணி". இதை வச்சு வகுப்பு, கட்டடம், ஆசிரியர் எல்லாத்தோட செலவையும் கணக்குப் போடலாம்னு சொன்னார்.

உங்க மார்க்‌ஷீட்ல 3, 4னு ஒரு எண் இருக்கே, கிரெடிட்னு, அதோட தாத்தா இவங்கதான். எவ்வளவு கத்துக்கிட்டீங்கன்னு அந்த எண்ணுக்குத் தெரியாது. எத்தனை மணி நேரம் உக்காந்திருந்தீங்கன்னுதான் தெரியும். ஆனா அது ஒரு நாணயம் மாதிரி வேலை செஞ்சுச்சு. ஷேக்ஸ்பியர் 3, வெப்ப இயக்கவியல் 3, ரெண்டையும் கூட்டலாம். கூட்ட முடியுறதாலதான் தேர்வுங்கிறதையே நடத்த முடிஞ்சுது.

ஜிம்னாசியத்துல ஒரு லாக்

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போர் முடிஞ்சப்ப வந்துச்சு. 1944-ல வந்த ஜி.ஐ. பில், போர்ல இருந்து திரும்பினவங்களுக்குக் கல்லூரிச் செலவைக் குடுத்துச்சு. 1947-ல அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள்ல கிட்டத்தட்டப் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். இத்தனை பேரை நோட்டுப் புத்தகத்துல எழுதிச் சமாளிக்க முடியாது.

கை குடுத்தது பஞ்ச் கார்டு. ஐபிஎம் 1928-ல கொண்டுவந்த, 80 காலம் உள்ள அந்த அட்டை. செமஸ்டர் ஆரம்பத்துல ஜிம்னாசியத்தைக் காலி பண்ணி, சுத்தி மேஜைகள் போடுவாங்க. ஒரு மேஜை இயற்பியல், ஒண்ணு வரலாறு, ஒண்ணு ஆங்கிலம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கட்டு அட்டை இருக்கும். அந்த வகுப்புல 40 இடம்னா கட்டுல 40 அட்டை. நீங்க போய் வரிசையில நின்னு ஒரு அட்டையை வாங்கினா அந்த இடம் உங்களுது. கடைசி அட்டையும் போயிடுச்சுன்னா வகுப்பு ஃபுல். எல்லா அட்டையையும் சேர்த்து வெளியே போற வாசல்ல குடுத்தா, மெஷின் அதைப் படிச்சு வகுப்புப் பட்டியல் அடிச்சுத் தரும்.

நான் இதை முதல் தடவை படிச்சப்ப ஒரு நிமிஷம் நிறுத்திட்டேன். ஒரே சீட்டை ரெண்டு பேருக்கு வித்துடக் கூடாதுங்கிறதுக்காக இன்னைக்கு நாங்க டிரான்சாக்‌ஷன், லாக், செமஃபோர்னு என்னென்னமோ எழுதுறோம். இங்க ஒரு காகிதத் துண்டு அந்த வேலையைச் செஞ்சிருக்கு. ஒரு அட்டை ஒரே நேரத்துல ரெண்டு கையில இருக்க முடியாது. ஓவர்புக்கிங் நடக்க வாய்ப்பே இல்ல. சீட்டுதான் சீட்.

இதுல பிரச்சனை வேற இடத்துல இருந்துச்சு. யார் முதல்ல ஜிம்முக்குள்ள போறாங்களோ அவங்களுக்கு எல்லாம் கிடைக்கும். பத்து மணி இயற்பியல் அட்டையை வாங்கிட்டு ஆங்கில மேஜைக்குப் போனா, அங்க மிச்சம் இருக்கிறது பத்து மணி வகுப்பு மட்டும். இப்போ இயற்பியலைத் திருப்பிக் குடுக்கணுமா, ஆங்கிலத்தை விடணுமா? கையில ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு இன்னொண்ணுக்காகக் காத்திருக்கிறது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பரீட்சைக்குப் படிச்சவங்களுக்கு இந்த நிலைமை நல்லாத் தெரியும். ஒவ்வொரு பாடமும் தனித்தனியா கிடைக்குது, ஆனா மாணவருக்கு வேணும்ங்கிறது ஒண்ணோட ஒண்ணு பொருந்துற ஒரு முழு டைம்டேபிள். இந்த முடிச்சை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

"நாங்க அட்டை இல்ல"

1964. கலிஃபோர்னியாவின் பெர்க்லி வளாகம், 27,000 மாணவர்கள். வளாக வாசல்ல மேஜை போட்டு அரசியல் பேசுறதுக்கும் நிதி திரட்டுறதுக்கும் நிர்வாகம் தடை போட்டுச்சு. அதுல கிளம்பினதுதான் பேச்சுரிமை இயக்கம். டிசம்பர் 2-ஆம் தேதி ஸ்ப்ரோல் ஹால் படிக்கட்டுல நின்னு மாரியோ சாவியோ பேசினார், பல்கலைக்கழகத்தை ஒரு எந்திரமா உருவகப்படுத்தி. அதுக்கப்புறம் கட்டடத்துக்குள்ள போய் உக்காந்தவங்கள்ல ஏறத்தாழ 800 பேர் கைதானாங்க.

அந்த இயக்கம் கையில எடுத்த அடையாளங்கள்ல ஒண்ணு ரெஜிஸ்ட்ரேஷன் அட்டை. அந்தக் காலத்துக் கார்டுகள்ல மடிக்காதே, குத்தாதே, சிதைக்காதேன்னு ஒரு எச்சரிக்கை அச்சடிச்சிருக்கும். மாணவர்கள் அதே வாசகத்தைத் தங்களைப் பத்தி எழுதிச் சட்டையில மாட்டிக்கிட்டாங்க. இயக்கத்தோட பேரோட முதல் எழுத்துகள் தெரியுற மாதிரி அட்டையில ஓட்டை போட்டாங்க. மெஷினுக்குக் காட்டுற அக்கறையாவது எங்க மேல காட்டுங்கங்கிறதுதான் அதுல இருந்த கோபம்.

பேச்சுரிமைப் போராட்டத்துக்கும் ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் என்ன சம்பந்தம்னு தோணலாம். நிர்வாகத்தை மாணவர்கள் நேரடியா சந்திச்ச இடங்கள்ல முக்கியமானது அந்த வரிசை. அங்க அவங்க ஒரு எண். அதனால அந்த அட்டை, அதைவிடப் பெரிய ஒண்ணோட முகமா ஆயிடுச்சு.

வரிசை மறைஞ்சுது, பற்றாக்குறை மறையல

1984-ல பிரிகாம் யங் பல்கலைக்கழகம் தொலைபேசி வழியா ரெஜிஸ்ட்ரேஷன் கொண்டு வந்துச்சு. இதுல முன்னோடிகள் அவங்க. பட்டன் ஃபோன்ல கோர்ஸ் எண்ணை அழுத்தினா, பதிவு செஞ்ச குரல் ஒண்ணு இடம் இருக்கா இல்லையான்னு சொல்லும். பல பல்கலைக்கழகங்கள் பின்னாடியே வந்துச்சு. 90-கள் கடைசியில இருந்து வெப்.

ஜிம்ல நூறு பேர் நின்னப்ப கூட்டம் கண்ணுக்குத் தெரிஞ்சுது. "இத்தனை பேருக்கு ஒரு வகுப்பு பத்தாது, இன்னொரு பிரிவு திறங்க"ன்னு டீனுக்குச் சொல்ல அந்தக் காட்சியே போதும். வெப்ல அந்தக் கூட்டம் தனித்தனி அறைகள்ல, தனித்தனி ஸ்கிரீன் முன்னாடி உக்காந்திருக்கு. "வகுப்பு நிரம்பிவிட்டது"ன்னு ஒரு சிவப்பு வரி வந்தா, நம்ம விரல்தான் லேட்டுன்னு நினைச்சுக்குவோம்.

இதோட விலை என்னன்னு 2012 கலிஃபோர்னியாவுல தெரிஞ்சுது. 2008 பொருளாதார வீழ்ச்சிக்கு அப்புறம் அங்க சமுதாயக் கல்லூரிகளுக்கு அரசு நிதியைப் பெருசா வெட்டிச்சு. வேலை பார்த்துக்கிட்டே படிக்கிறவங்க, குடும்பத்துல முதல் ஆளா காலேஜ் போறவங்க நிறைய பேர் நம்பி இருக்கிற கல்லூரிகள் இவை. வகுப்புகளைக் குறைச்சாங்க. அந்த வருஷம் செமஸ்டர் ஆரம்பத்துல 4,70,000-க்கு மேல மாணவர்கள் ஏதாவது ஒரு வகுப்போட காத்திருப்புப் பட்டியல்ல இருந்தாங்க. முடிக்க வேண்டிய ஒரே ஒரு கணிதப் பாடம் கிடைக்கலைன்னா டிகிரி தள்ளிப்போகும், டிரான்ஸ்ஃபர் தள்ளிப்போகும், வீட்டு வாடகை மட்டும் மாசாமாசம் வரும்.

சான்டா மோனிகா கல்லூரி ஒரு வழி யோசிச்சுது. கூட்டம் அதிகமான பாடங்களுக்குக் கூடுதல் வகுப்பு திறப்போம், ஆனா அதுக்கு வழக்கமானதைவிடப் பல மடங்கு கட்டணம். காசு இருந்தா வரிசையைத் தாண்டலாம். தட்கல், பிரீமியம் தட்கல் மாதிரி. மாணவர்கள் எதிர்த்தாங்க. 2012 ஏப்ரல் 3-ஆம் தேதி அறங்காவலர் குழுக் கூட்டத்துக்குள்ள போக முயன்ற மாணவர்கள் மேல வளாகப் போலீஸ் மிளகாய்ப்பொடி ஸ்ப்ரே அடிச்சுது. அந்த வீடியோ நாடு முழுக்கச் சுத்தினப்புறம் திட்டத்தை நிறுத்தி வச்சாங்க. ஒரு கோர்ஸ்ல இடம் கேட்டதுக்குக் கண் எரிச்சலோட வீட்டுக்குப் போனாங்க.

கணிதம் ஒரு கை கொடுக்குது

காசு கூடாது, வேகமா கிளிக் பண்றவங்களுக்குன்னும் விடக் கூடாது. வேற என்ன வழி? இந்த இடத்துல பொருளாதார வல்லுநர்கள் உள்ள வர்றாங்க.

முதல் யோசனை, குலுக்கல். முதல் பேர் வந்தவர் தனக்கு வேண்டிய பத்துப் பாடத்தையும் எடுத்துக்குவார், அப்புறம் அடுத்தவர். பொய் சொல்லி லாபம் இல்ல, ஆனா கடைசியா வர்றவர் கதி அதோகதி. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் வேற மாதிரி பண்ணுச்சு. எல்லாரும் விருப்ப வரிசை குடுக்கணும், ஒரு சுற்றுக்கு ஒருத்தருக்கு ஒரு பாடம், அடுத்த சுற்றுல வரிசை தலைகீழ். கேட்க நியாயமா இருக்கு. ஆனா எரிக் பூடிஷும் எஸ்டெல் கான்டில்லனும் 2012-ல வெளியிட்ட ஆய்வுல, மாணவர்கள் உண்மையான விருப்பத்தைச் சொல்றதில்லைன்னு காட்டினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடத்துக்குக் கூட்டம் இல்லைன்னா அதைக் கீழே தள்ளி, கூட்டம் உள்ள பாடத்தை மேல வைப்பேன். எல்லாரும் அப்படிச் செஞ்சா எல்லாருக்கும் நஷ்டம். ஆனாலும் அந்த முழுக் குலுக்கலைவிட இது மேல்னு அதே ஆய்வு சொல்லுது.

சில பிசினஸ் ஸ்கூல்கள்ல பாயிண்ட் குடுத்து ஏலம் விட்டாங்க. அதுலயும் சிக்கல். நீங்க அதிகப் பாயிண்ட் வைக்கிறது பிடிச்ச பாடத்துக்கா, போட்டி அதிகமான பாடத்துக்கான்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

2011-ல பூடிஷ் ஒரு வழி சொன்னார். எல்லாருக்கும் கிட்டத்தட்டச் சமமான பொம்மைக் காசு குடு. அச்சு அசலா சமமா குடுத்தா சில சமயம் கணக்கு முடியாது, அதனால நூலிழை வித்தியாசம் மட்டும் இருக்கட்டும். மாணவர்கள் ஏலம் கேக்க வேண்டாம், எந்தப் பாடம் எவ்வளவு பிடிக்கும்னு மட்டும் சொன்னாப் போதும். ஒவ்வொரு பாடத்துக்கும் என்ன விலை வச்சா, ஒவ்வொருத்தரும் தன் காசுல வாங்கக்கூடிய மிகச் சிறந்த முழு டைம்டேபிளை வாங்கின பிறகும் இடங்கள் ஏறத்தாழச் சரியா இருக்கும்னு கம்ப்யூட்டர் தேடும். ஜிம்ல பார்த்தோமே, தனித்தனி அட்டைக்கும் முழு டைம்டேபிளுக்கும் நடுவுல இருந்த முடிச்சு, அது இங்கதான் அவிழுது. 2013-ல வார்ட்டன் இதைக் "கோர்ஸ் மேட்ச்"ங்கிற பேர்ல நடைமுறைக்குக் கொண்டு வந்துச்சு. சுமார் 1,700 மாணவர்கள், 350 வரைக்கும் பாடங்கள்.

எனக்கு இந்த அல்காரிதம் ரொம்பப் பிடிக்கும். ஆனா ஒண்ணு சொல்லணும். வார்ட்டன் மாதிரி இடத்துல பற்றாக்குறைன்னா பிடிச்ச பேராசிரியர் கிடைக்கலைங்கிறது. சான்டா மோனிகாவுல பற்றாக்குறைன்னா வகுப்பே இல்லைங்கிறது. இருக்கிற இடத்தை அல்காரிதம் நியாயமா பிரிக்கும். இன்னொரு ஆசிரியரை வேலைக்கு எடுக்கிறது அதோட வேலை இல்ல.

நம்ம ஊர் வரைக்கும்

இந்தக் கதை நமக்கும் சொந்தம்தான். 1960-கள்ல ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஐஐடி கான்பூரை வளர்க்க உதவினப்ப அமெரிக்கப் பாணி செமஸ்டர் முறையும் கூடவே வந்துச்சு. 2015-ல யுஜிசி விருப்பப் பாடத் தெரிவு அடிப்படையிலான கிரெடிட் முறையைப் பல்கலைக்கழகங்கள் முழுக்கப் பரப்ப வழிகாட்டுதல் குடுத்துச்சு. 2021-ல அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் வந்துச்சு, நீங்க சேர்த்த கிரெடிட்டை டெபாசிட் மாதிரி வச்சுக்கலாம். கார்னெகியோட நாணயத்துக்கு நூறு வருஷம் கழிச்சு பேங்க்கே வந்துடுச்சு. வேலூர் விஐடியில பாடம், ஆசிரியர், நேரம் மூணையும் மாணவரே எடுக்கிற முறை இருக்கு. அங்க படிச்ச நண்பர்கள் கிட்ட ரெஜிஸ்ட்ரேஷன் நாள் பத்திக் கேட்டா, ஆளுக்கொரு போர்க்கதை சொல்லுவாங்க.

நான் படிச்ச காலேஜ்ல வேற கதை. ஆறாவது செமஸ்டர்ல எலக்டிவ் பட்டியல்ல எட்டுப் பாடம் அச்சடிச்சிருந்துச்சு. கிளாஸ் ரெப் ஒரு பேப்பர் சுத்த விட்டான். சாயங்காலம் வந்த முடிவு, மொத்த வகுப்புக்கும் ஒரே பாடம், ஏன்னா அதை எடுக்கத்தான் ஆசிரியர் இருந்தாங்க. என் மார்க்‌ஷீட்ல இன்னைக்கும் அந்தப் பாடத்துக்குப் பக்கத்துல "எலக்டிவ்"னுதான் போட்டிருக்கு. எலியட்டுக்கு முந்தின வகுப்பறை, எலியட்டுக்குப் பிந்தின பேர்.

அதனால உங்க காலேஜ்லயோ, உங்க தம்பி தங்கச்சி காலேஜ்லயோ புது ரெஜிஸ்ட்ரேஷன் போர்ட்டல் வருதுன்னு அறிவிச்சா, ஸ்கிரீன் எப்படி இருக்குன்னு பார்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க. பட்டியல்ல இருக்கிற பாடங்கள்ல எத்தனைக்கு உண்மையிலேயே ஆசிரியர் இருக்காங்க? இடம் பத்தலைன்னா யாருக்கு முதல்ல குடுப்பாங்க, அந்த விதியை எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா? முதல் கேள்விக்குப் பதில் பட்ஜெட்ல இருக்கும், ரெண்டாவதுக்குப் பதில் கோடுல இருக்கும். ரெண்டையும் யாரோ மனுஷங்கதான் எழுதுறாங்க, அதனால கேட்டா மாத்தவும் முடியும்.

உங்க எலக்டிவ் கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, காலேஜ் பேர் வேண்டாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.